வூர்யந்தி வைத்துக்கொண்ட ஆன்டிவைரஸ்

க்ளாத்தென் நகரத்தின் விளிம்பில், செங்கல் சூளைகளை ஒட்டிய அந்தத் தெருவில் யாராவது இறந்துபோனால், அழுகை ஓய்ந்து நினைவுச் சடங்குக்கு ஏற்பாடு தொடங்கும்போது குடும்பத்தார் வூர்யந்தியின் வீட்டுக்குத்தான் வருவார்கள். யாசீன் புத்தகம் அடிப்பது அவள் தொழில். உள்ளங்கை அகலத்தில் சின்னப் புத்தகம். உள்ளே குர்ஆனிலிருந்து ஓதவேண்டிய பகுதிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். முன்பக்கங்கள் மட்டும் அந்தந்தக் குடும்பத்துக்கு உரியவை: இறந்தவரின் படம், பேர், பிறந்ததும் இறந்ததும், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். சடங்குக்கு வருகிறவர்கள் ஓதிவிட்டு, கொடுக்கும் சோற்றுப் பெட்டியோடு புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். மருமக்களின் பெயரை வரிசை மாற்றிப் போட்டால் அந்தக் குடும்பத்தில் ஆயுளுக்கும் பேச்சு நின்றுபோகும். வூர்யந்தி போட்ட வரிசை இதுவரை தப்பியதில்லை.

யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து அவள் இதைக் கற்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு பக்கத்து நகரமான சோலோவில் ஒரு கம்ப்யூட்டர் வாடகைக் கடையில் இருந்தாள். கல்லூரிப் பிள்ளைகள் ஆய்வேடு தட்டச்சுசெய்ய வரும் கடை. பக்க எண் ஓடிப்போனதென்றும், அடிக்குறிப்பு மேலே ஏறிவிட்டதென்றும் அவர்கள் கத்தும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்று, நோண்டி நோண்டிச் சரிசெய்து பழகினாள். அரபு எழுத்தின் மேலும் கீழும் வரும் குறிகள் அச்சில் நகர்ந்துவிடாமல் நிறுத்துவதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. கடையை மூடியபோது அங்கிருந்த கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து தன் வீட்டு முன்னறையில் வைத்துக்கொண்டாள்.

பென் டிரைவ் எல்லார் சட்டைப்பையிலும் புகுந்த காலம் அது. படத்தைக் கொண்டுவருகிறவர்கள் வரும் வழியில் நெட் கடையில் அதைச் செருகுவார்கள், பள்ளிக்கூட அலுவலகத்தில் செருகுவார்கள், மச்சான் வீட்டில் செருகுவார்கள். கடைசியில் வூர்யந்தியிடம் வந்து நீட்டுவார்கள். படத்தோடு வைரசும் வரும். முதல் தடவை கம்ப்யூட்டர் படுத்தபோது, அவள் கணவன் சுதார்த்தோ தன் அண்ணன் ப்ரீயிடம் சொன்னான். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது.

ப்ரீ சோலோவில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குறுந்தகடோடு வந்து இறங்கினார்.

"வெளிநாட்டுது. எங்க பேங்க்ல இதுதான். ஆன்டிவைரசும் இருக்கு, ஃபயர்வாலும் இருக்கு. உள்ள வர்றவனையும் பாக்கும், வெளிய போறவனையும் பாக்கும்" என்றவர், தானே உட்கார்ந்து போட்டுக்கொடுத்தார்.

அந்த வாரமே தெருத்தலைவர் பாக் ஹார்கோ வந்தார். பாக் என்றால் ஐயா, இபு என்றால் அம்மா; அந்த ஊர் மரியாதை அது. பிறப்பு, இறப்பு, குப்பை வண்டி, இரவுக் காவல் என்று தெருவில் அவர் கையெழுத்தில்லாமல் எதுவும் நடக்காது. கம்ப்யூட்டரைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம ஊரு வைரஸ் தெரியுமா இபு வூர்? நம்ம பசங்க செஞ்ச வைரசுக்கு நம்ம பசங்க செஞ்ச மருந்துதான் கேக்கும். இந்தாங்க."

உள்ளூர்ப் பையன்கள் எழுதிய ஆன்டிவைரஸ் ஒன்றை அவர் பென் டிரைவில் வைத்திருந்தார். அந்த பென் டிரைவிலும் வைரஸ் இருந்தது. அதைச் சொன்னால் மரியாதையாக இருக்காது என்று வூர்யந்தி சொல்லவில்லை.

மூன்றாவது, சுதார்த்தோவே கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த தகட்டில், உளவுபார்க்கும் புரோகிராம்களைப் பிடிக்கும் ஆன்டி ஸ்பைவேர் ஒன்று இருந்தது.

"நம்மள யாரு மாஸ் உளவு பாக்கப் போறா? செத்தவங்க பேரு ஊருக்கே தெரியும்" என்றாள் அவள். கணவனானாலும் மைத்துனரானாலும் மூத்த ஆணுக்கு அந்த ஊரில் மாஸ்தான்; இளையவளுக்கு டிக்.

"இருக்கட்டும் டிக். எல்லாரும் ஒண்ணொண்ணு குடுத்திருக்காங்க. வீட்டுக்காரன் நான் ஒண்ணும் குடுக்கலைன்னா நல்லாவா இருக்கு?"

வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடம் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் அந்தச் சொல் வூர்யந்தியின் வாயில் வரவில்லை. அந்த ஊரில் யாருக்குத்தான் வரும்? பக்கத்து வீட்டுக்காரி திரைச்சீலை கொடுத்தால், பிடிக்காவிட்டாலும் அவள் வரும் நாளில் அது ஜன்னலில் தொங்கவேண்டும். இதுவும் அப்படியே. ப்ரீ வந்தால் தேநீரைக் கையில் வாங்குவதற்குள் திரையின் வலது கீழ் மூலையில் தன்னுடைய சின்னம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஹார்கோ வந்தாலும் அதே மூலையைத்தான் பார்ப்பார். யாரும் யாருடையதையும் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். மூன்றும் சேர்ந்து இழுத்ததில், கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் போய் அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்தாலும் அது இன்னும் விழித்திருக்காது.

ஃபயர்வாலின் கதை தனி. இன்ன புரோகிராம் வெளியே போகப் பார்க்கிறது, விடலாமா என்று அது பெட்டி காட்டிக் கேட்கும். அவள் சமையலறையில் இருக்கும்போது முன்னறையில் இருப்பது சுதார்த்தோ. செல்போனுக்குப் பணம் ஏற்றிக்கொள்ள வருகிறவர்களைக் கவனிப்பது அவன் வேலை. வாசலில் வந்து நிற்கும் எவருக்கும் அவன் சொல்வது "மொங்கோ, மொங்கோ". வாங்க, உட்காருங்க, எடுத்துக்கோங்க, போய்வாங்க எல்லாவற்றுக்கும் அந்த ஊரில் அந்த ஒரே சொல்தான். கம்ப்யூட்டர் கேட்டாலும் அவனுக்கு அதே சொல்தான் வந்தது. மொங்கோ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே 'அனுமதி' என்பதை அழுத்துவான்.

ஒருநாள் அவள் பிடித்துவிட்டாள். "என்ன மாஸ், எல்லாத்துக்கும் சரின்னு வெச்சிருக்கீங்க? எவன் எவன் போறான்னு பாத்தீங்களா?"

"பேரெல்லாம் சொல்லி, அனுமதி கேட்டு நிக்குது டிக். மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"அது கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டருன்னா என்ன? மரியாதையாத்தானே கேக்குது?"

இதெல்லாம் சிரித்துக் கழிக்கக்கூடிய சங்கதியாகத்தான் இருந்தது, ஜுமிரா வரும்வரை.

ஜுமிராவின் கணவர் ஸார்விடி தரைக்கு ஓடு பதிக்கும் கொத்தனார். ப்ரீக்கும் சுதார்த்தோவுக்கும் சித்தப்பா மகன் முறை. அவருடைய ஆயிரமாம் நாள் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. மண்மேடாக இருந்த சமாதிக்குக் கல் பதிப்பது அன்றைக்குத்தான். நாளைத் தள்ளிவைக்கிற பேச்சுக்கே இடமில்லை.

"புடே, உள்ள வாங்க" என்றாள் வூர்யந்தி. வயதில் மூத்தவள் என்பதால், பெரியம்மா என்ற அர்த்தத்தில் ஜுமிராவை அப்படித்தான் அழைப்பாள்.

ஜுமிரா மடியிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு பென் டிரைவ்.

"தங்கெராங்ல செருப்புக் கம்பெனியில இருக்கால்ல என் பொண்ணு, அவ போன்ல எடுத்த படம். போனு தொலைஞ்சுபோச்சு. நல்லவேளை, அதுக்கு முன்னாடியே இதுல ஏத்தி வெச்சிருக்கா. அவரு ஆத்துல கெளுத்தி மீன் புடிச்சுக்கிட்டு வந்த அன்னிக்கு எடுத்தது. சிரிக்கிறாரு அதுல."

"வேற படம் எதுவும் இல்லையா புடே?"

"அடையாள அட்டையில ஒண்ணு இருக்கு. அதுல போலீஸ் புடிச்சு உக்கார வெச்ச மாதிரி முறைச்சுக்கிட்டு இருக்காரு. நாப்பது வருசம் குடித்தனம் பண்ணினேன், அந்த மூஞ்சிய நான் ஒருநாளும் பாத்ததில்ல. அதப் போட்டு ஊருக்கெல்லாம் குடுக்கச் சொல்றியா?"

வூர்யந்தி பென் டிரைவைச் செருகினாள். செருகியதும் ஒரு பக்கம் ப்ரீயின் ஆன்டிவைரஸ் சிவப்புப் பெட்டி காட்டியது. மறுபக்கம் ஹார்கோவுடையது பச்சைப் பெட்டி காட்டியது. இரண்டும் ஒரே கோப்பின் மேல் விழுந்தன. ஒன்று திறக்கப்போனால் மற்றது என்ன திறக்கிறாய் என்று தடுத்தது. அதற்குமேல் இது கள்ளன் என்று அதுவும், அது கள்ளன் என்று இதுவும் எச்சரித்தன. நடுவில் சுதார்த்தோவின் ஆன்டி ஸ்பைவேரும் தன் பங்குக்கு ஒரு பெட்டியை நீட்டியது. பிறகு மவுஸ் அம்பு அசையவில்லை. கம்ப்யூட்டரின் உள்ளே இருந்த காற்றாடி மட்டும் இரைந்தது.

வேறு வழியில்லாமல் நிறுத்திவிட்டு மறுபடி போட்டாள். பென் டிரைவைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது.

ஜுமிராவுக்கு எழுத்துத் தெரியாது. வெள்ளைத் திரை தெரியும். "எங்க படம்?" என்றாள்.

சுதார்த்தோ எட்டிப் பார்த்தான். "ஆன்டிவைரஸ் தின்னுடுச்சு போல."

"தின்னுடுச்சா?"

"சும்மா இருங்க மாஸ்" என்றாள் வூர்யந்தி.

சத்தம் கேட்டுப் போகிற வழியில் நுழைந்த ஹார்கோ, நிலைமையைக் கேட்டுவிட்டு ஒரே முடிவாகச் சொன்னார்: "வைரஸ் புகுந்த பென் டிரைவ ஃபார்மட் பண்ணிடணும் இபு வூர். எங்க ஆபீஸ்ல அப்படித்தான்."

"ஃபார்மட்னா என்ன?" என்றாள் ஜுமிரா.

"சுத்தமாக் கழுவுறது."

"கழுவினா படம் போயிடாதா?"

"வைரசும் போயிடும்ல."

"வைரஸ் போயி எனக்கு என்னங்க ஆகணும்? எனக்கு அவருதான் வேணும்."

வூர்யந்தி பென் டிரைவைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "யாரும் தொடவேணாம். புடே, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாக்கிறேன்." கிடைத்துவிடும் என்று அவள் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

எல்லாரும் போனபின் மறுபடி செருகி, அதில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தாள். முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வெறும் வெள்ளைக்கு அவ்வளவு இடம் எதற்கு? வாடகைக் கடையில் இந்த மாதிரி பார்த்திருக்கிறாள். ஆய்வேடு காணோம் என்று அழுத பிள்ளைகள் பாதிப்பேருக்கு அது காணாமல் போயிருக்காது. இந்த ஊர் வைரஸ்களில் ஒரு வகை, உண்மையான கோப்பை ஒளித்துவைத்துவிட்டு, அதே பெயரில், அதே முகத்தில் தன்னை அங்கே உட்காரவைத்துக்கொள்ளும். படம் என்று நினைத்து அதை அழுத்துகிறவன் வைரஸைத் திறந்துவிடுவான். ஆன்டிவைரஸ் அந்தப் போலியைத்தான் அழித்திருக்கவேண்டும். அப்படியென்றால் ஸார்விடி உள்ளேதான் இருக்கிறார்.

ஆனால் ஒளிந்ததைக் காட்டச் சொல்லும் வழியைக் கம்ப்யூட்டரிலேயே வைரஸ் அடைத்துவைத்திருந்தது. எந்தக் காலத்திலோ, யாருக்கோ மொங்கோ சொல்லி உள்ளே விட்ட வைரஸ். அதைத் துரத்த ஆன்டிவைரஸ் வேண்டும். இரண்டு இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்கும். ஒன்றை எடுத்தாக வேண்டும்.

எதை?

ப்ரீக்குப் போன் போட்டால் ஹார்கோவுடையதை எடு என்பார். ஹார்கோவைக் கேட்டால் ப்ரீயுடையதை எடுக்கச் சொல்வார். கணவனைக் கேட்டாள்.

"அண்ணனோடத எடுத்தா நோன்புப் பெருநாளுக்கு அவரு மூஞ்சில எப்படி முழிக்கிறது? தெருத்தலைவரோடத எடுத்தா அடுத்த கையெழுத்துக்கு அவரு வீட்டு வாசல்ல எவ்வளவு நேரம் நிக்கிறது? என்னோடத எடுத்துடு டிக். நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"உங்களோடத எடுத்தாச்சு."

"கேக்காமயே?" என்றான் சுதார்த்தோ. அவன் முகம் சட்டென்று சுருங்கியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கூடவே இன்னொன்றும் புரிந்தது. பத்திரிகையோடு இலவசமாக வந்ததற்கே இப்படியென்றால்!

யார் கொடுத்தது என்பதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். தன்னிடமிருந்த ஒரு பழைய பென் டிரைவில் வேண்டாத படங்கள் சிலவற்றை ஏற்றி, பாதுகாப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அதே வைரஸைத் தெரிந்தே அதில் பரவவிட்டாள். ஜுமிராவுடையதைத் தொடுவதற்கு முன்னால் பழகிப்பார்க்க ஒன்று வேண்டுமல்லவா? முதலில் ஹார்கோவுடையதை எடுத்துவிட்டு ப்ரீயுடையதை மட்டும் ஓடவிட்டாள். அது போலிகளையெல்லாம் பிடித்துக் கொன்றது. சுத்தம் என்று அறிவித்தது. திறந்து பார்த்தால் வெள்ளைதான். ஒளித்துவைத்ததை எடுத்துக்கொடுப்பது தன் வேலை என்று அது நினைக்கவே இல்லை. மறுபடி தொற்றவைத்து, ப்ரீயுடையதை எடுத்தாள். எடுக்கும்போது அது "உறுதியாகத்தானா?" என்று கேட்டது. மைத்துனரே நேரில் கேட்ட மாதிரி கை ஒரு கணம் நின்றது. ஆம் என்று அழுத்தினாள். ஹார்கோவுடையதைப் போட்டு ஓடவிட்டாள். அது மெதுவாகத்தான் ஓடியது. பார்க்கவும் அழகாக இல்லை. ஆனால் போலியை அழித்தபின், ஒளித்தவற்றை மீட்கலாமா என்று கேட்டது. பழைய படங்கள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. கம்ப்யூட்டரில் அடைபட்டிருந்த வழியும் திறந்தது.

எல்லாவற்றிலும் அது சிறந்தது என்று அவள் நினைக்கவில்லை. இணையத்தில் திரியும் வெளிநாட்டு வைரஸ்களுக்கு ப்ரீயுடையதுதான் கெட்டி. ஆனால் அவள் வீட்டுக்குள் வருகிற எல்லாம் பென் டிரைவில் வருகிறது, மோடம் செருகுவது எப்போதாவதுதான். அவள் வேலைக்கு இது போதும். ஃபயர்வாலுக்கு விண்டோசிலேயே இருக்கும் ஒன்றை முடுக்கிவிட்டாள். அது தொட்டதற்கெல்லாம் கேள்வி கேட்பதில்லை என்பதே பெரிய நிம்மதி.

இவ்வளவும் ஆனபின்தான் ஜுமிராவின் பென் டிரைவைச் செருகினாள். ஸார்விடி வந்தார். கையில் முழ நீளக் கெளுத்தி. முன்பல் ஒன்று இல்லாத வாய், முழுக்கத் திறந்த சிரிப்பு. வூர்யந்தி முதல் வேலையாக அதை இரண்டு இடங்களில் பிரதி எடுத்தாள். பிறகுதான் போய்த் தண்ணீர் குடித்தாள்.

சடங்கன்று ஜுமிரா வீட்டில் ஆண்கள் கூடத்தில் பாய்விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரோரமாக ப்ரீ, சுதார்த்தோ, எதிரில் ஹார்கோ. வூர்யந்தி புத்தகக் கட்டோடு நடையில் வந்து நின்றபோது ஹார்கோ சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தார்.

"வெள்ளையா இருந்துச்சுங்க! எல்லாரும் போச்சுன்னுட்டாங்க. நான் குடுத்த ஆன்டிவைரஸ்தான் ஸார்விடிய வெளிய கொண்டாந்துச்சு. வெளிநாட்டுது ஒண்ணு இருந்துச்சு. அத எடுத்தப்புறம்தான் வேலையே நடந்துச்சு."

இடையில் ஒருநாள் வந்து திரையின் மூலையைப் பார்த்து விசாரித்துப்போனவர் அவர்; கழுவச் சொன்னதும் தானேதான் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. கூடத்தில் பேச்சு அடங்கியது. ப்ரீ தம்பியைப் பார்த்தார். சுதார்த்தோ தட்டிலிருந்த தெம்பெ என்ற சோயாப் பலகாரத்தை முதல்முறை பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்தாச்சா?" என்றார் ப்ரீ.

அந்த ஊர் வழக்கப்படி இதற்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்ல நூறு வழி உண்டு. கம்ப்யூட்டர் தானாக அழித்துவிட்டது எனலாம். மறுபடி போடப்போகிறேன் எனலாம். வூர்யந்தி நடையில் நின்றபடியே சொன்னாள்:

"நான்தான் எடுத்தேன் மாஸ். ரெண்டும் இருந்தா ரெண்டும் வேலை செய்யல. உங்களோடது நல்லதுதான், பேங்குக்கு. பென் டிரைவ்ல ஒளிச்சத அது எடுத்துக் குடுக்கல. ரெண்டையும் தனித்தனியா ஓட்டிப் பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா எடுக்காதன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் எடுக்க முடியாது."

ப்ரீ கையை நீட்டினார். அவள் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். முதல் பக்கத்தைத் திறந்தவர் அப்படியே வைத்திருந்தார்.

"இந்த மீனப் புடிச்சப்போ நானும் கூட இருந்தேன்" என்றார், யாரிடமென்று இல்லாமல். "தூண்டில் என்னோடது. மீன் அவனோடதுன்னு சொல்லிட்டுத் தூக்கிட்டுப் போயிட்டான்."

யாரோ சிரித்தார்கள். ஹார்கோ இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பாக் ஹார்கோ, ஓதலாமா?" என்றார் ப்ரீ. அவளைப் பார்க்கவில்லை. கோபம் போய்விட்டதா என்பது அந்த முகத்தில் தெரியவில்லை. புத்தகங்கள் கைமாறிக் கைமாறிப் போயின.

வூர்யந்தி சமையலறைக்குத் திரும்பினாள். ஜுமிரா அடுப்பருகே, ஆப்பம் போன்ற சடங்குப் பலகாரமான அப்பெமுக்கு மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை தேங்காய்ப்பாலும் மாவும்.

"என்ன அங்க சத்தம் நின்னுபோச்சு?"

"ஒண்ணுமில்ல புடே. ஆன்டிவைரஸ் பேச்சு."

"அது இங்கயும் வந்துடுச்சா?" என்றாள் ஜுமிரா. பிறகு, "படம் நல்லா விழுந்திருக்கா? எனக்கு ஒண்ணு காட்டு. கை இப்படியிருக்கு, ஓதுற புத்தகத்த நான் தொடக் கூடாது."

வூர்யந்தி முதல் பக்கத்தைத் திறந்து, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஜுமிரா கரண்டியைக் கீழே வைக்காமலே குனிந்து பார்த்தாள். வாணலியில் ஓரம் சிவக்கத் தொடங்கியது.

"கொஞ்சம் கிட்டக் கொண்டா பொண்ணே" என்றாள்.